டேப் கொடுத்தாச்சு சரி... அதுல யார் பேசுறது? - சிறப்புக் குழந்தைகளும் தொடுதிரையும்

‘தண்ணி வேணும்.’

இதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடி. இதே ரெண்டு வார்த்தையை வாயால் சொல்ல முடியாத ஒரு குழந்தை என்ன செய்யும்? அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கும். புரியவில்லை என்றால் அழும். அப்பவும் புரியவில்லை என்றால் தரையில் விழுந்து புரளும். பார்க்கிறவங்க, ‘பிள்ளைக்கு எவ்வளவு பிடிவாதம் பாரு’ என்று சொல்லிவிட்டுப் போவாங்க. அது பிடிவாதம் இல்லை பாஸ், தாகம்!

ஆட்டிசம், மூளை முடக்குவாதம் என்கிற செரிப்ரல் பால்சி, அறிவுசார் குறைபாடு எனப் பல காரணங்களால் பேச்சு வராத குழந்தைகள் நம் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பேச்சைத் தரக்கூடிய ஒரு சாதனம் இன்று மொபைல் கடையில் விற்கிறது. டேப்லெட். நாம் படம் பார்க்கவும் கேம் ஆடவும் வாங்குகிற அதே டேப்தான்.

அப்புறம் என்ன பிரச்னை, வாங்கிக் கொடுத்துட வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கதான் கதையே ஆரம்பிக்குது.

சென்னையில் பிறந்த ‘குரல்’

வாயால் பேச முடியாதவர்கள் படம், எழுத்து, சைகை, கருவி என வேறு வழிகளில் பேசுவதற்கு ஏ.ஏ.சி என்று பெயர். தமிழில் ‘மாற்றுத் தொடர்பு முறை’ என்று வைத்துக்கொள்வோம். திரையில் படங்கள் இருக்கும். குழந்தை ‘நான்’, ‘வேணும்’, ‘தோசை’ என்று தொட்டால், டேப் அதைக் குரலாகச் சொல்லும். அவ்வளவுதான் விஷயம்.

வெளிநாடுகளில் இதற்கென்றே தனிக் கருவிகள் ரொம்ப காலமாக இருக்கின்றன. ஆனால் விலை லட்சங்களில். குரல் ஆங்கிலத்தில். நம்ம ஊர் பள்ளிகளுக்கு ரெண்டுமே ஒத்துவராது. இந்த இடைவெளியில் கை வைத்தவர், சென்னை ஐ.ஐ.டி-யில் படித்த அஜித் நாராயணன். அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அவர் ஆரம்பித்த நிறுவனம், சென்னை வித்யாசாகர் பள்ளியின் குழந்தைகள், ஆசிரியர்களோடு சேர்ந்து உருவாக்கியதுதான் ‘ஆவாஸ்’. இந்தியில் அதற்குக் ‘குரல்’ என்று அர்த்தம். முதலில் தனிக் கருவியாக வந்தது. ஐபேடும் ஆண்ட்ராய்டு டேப்களும் பரவிய பிறகு செயலியாக மாறியது. தமிழ் உட்பட இந்திய மொழிகளிலும் வந்தது. 2011-ல் எம்.ஐ.டி-யின் டெக்னாலஜி ரிவ்யூ இதழ், உலக அளவில் 35 வயதுக்குட்பட்ட 35 புதுமையாளர்கள் பட்டியலில் அஜித்தைச் சேர்த்தது.

‘கருவி கையில் இருந்தா, வர வேண்டிய பேச்சும் வராமப் போயிடுமே?’ இது பல பெற்றோர்களின் பயம். நியாயமான பயம்தான். ஆனால் ஆய்வுகள் சொல்வது வேறு. இந்த விஷயத்தில் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் மில்லர், லைட், ஷ்லாசர் ஆகியோர் வெளியிட்ட கட்டுரையில், மாற்றுத் தொடர்பு முறையால் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறைந்ததாகத் தெரியவில்லை. பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. நடக்க ஊன்றுகோல் கொடுத்தால் கால் சோம்பேறி ஆகிவிடும் என்று நாம் சொல்வதில்லையே!

இப்ப கொடும்பாளூருக்கு வாங்க

திருச்சி - மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலையைத் தாண்டினால் கொடும்பாளூர். ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழைமையான மூவர் கோயில் இருக்கும் ஊர். மூன்று கோயில்களில் ரெண்டு நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும்தான் மிச்சம். ரீல்ஸ் எடுக்கப் போயிருப்பீர்கள்.

அந்த ஊரில் பேச்சு வராத ஏழு வயதுக் குழந்தை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தெரபிக்குப் புதுக்கோட்டைக்குப் போகணும், இல்லை திருச்சிக்குப் போகணும். எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் அம்மாவுக்கு அன்றைய கூலி போச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவை என்றால் ரெண்டு நாள் கூலி. எத்தனை வாரத்துக்குத் தாங்கும்?

அதனால்தான், ‘சிட்டியில இருக்கிற வசதி’யாகப் பார்க்கப்படுகிற டேப் உண்மையில் அதிகம் தேவைப்படுவது இந்த மாதிரி ஊர்களுக்குத்தான். தெரபிஸ்ட் தினமும் வர முடியாத வீட்டில், தினமும் இருக்கக்கூடிய ஒன்று அது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. 40 சதவிகிதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற மாணவர்களுக்கு, 18 வயது வரை புத்தகங்கள், கற்றல் பொருள்கள், உதவிக் கருவிகள் ஆகியவற்றை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 17-வது பிரிவு. ‘தொடர்பு’ என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்திலேயே மாற்றுத் தொடர்பு முறைகளும் இருக்கின்றன. ஆக, பேசும் டேப் யாரோ இரக்கப்பட்டுத் தரும் அன்பளிப்பு இல்லை. அந்தக் குழந்தையின் உரிமை.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

தமிழ்நாட்டுக்கு டேப் புதுசு இல்லை. 2024-ல் அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஏறக்குறைய 80 ஆயிரம் பேருக்குக் கைக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. செலவு சுமார் 100 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு டேப் 12,000 - 13,000 ரூபாய். 2025-26 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு அவரவர் விருப்பப்படி டேப் அல்லது லேப்டாப் என அறிவிப்பு வந்தது. நல்ல விஷயம்தான்.

சிறப்புக் குழந்தைகள் பக்கம் பாருங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷாவில், ஒரு மாற்றுத்திறன் மாணவருக்கு ஒரு வருஷத்துக்கு 3,500 ரூபாய் வரை என்று கணக்கு. இது கையில் கொடுக்கும் பணம் இல்லை. உதவிக் கருவிகள், பயிற்சிப் பொருள்கள், முகாம்கள் என இந்தக் குழந்தைகளுக்கான செலவுகளைத் திட்டமிட வைத்திருக்கும் அளவுகோல். ஆசிரியருக்குக் கொடுத்த டேப்பின் விலையில் இது மூன்றில் ஒரு பங்குகூட வராது.

மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, தக்க செயலிகளோடு கூடிய திறன்பேசிகளை வழங்குகிறது. ஆனால், அது பார்வைத்திறன், செவித்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு. அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆண்ட்ராய்டில் இருக்கும் ‘டாக்பேக்’ திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும். கூகுளின் ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ எதிரில் பேசுவதை உடனுக்குடன் தமிழில் எழுத்தாக்கிக் காட்டும். ரெண்டுக்கும் காசு கிடையாது. ஆனால், காது கேட்டும், கண் தெரிந்தும், பேச்சு மட்டும் வராத குழந்தை? அது இந்த வரிசையில் எங்கே நிற்க வேண்டும்?

டேப் பேசும்... ஆனா நம்ம தமிழ் பேசுமா?

அடுத்த சிக்கல் இது. காசு கொடுத்துக்கூடத் தீர்க்க முடியாத சிக்கல்.

செயலியைத் திறந்து படத்தைத் தொட்டால், ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஒரு குரல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடும்பாளூரில் எந்த வீட்டில் ஏழு வயசுப் பிள்ளை இப்படிப் பேசும்? ‘ஆத்தா, தண்ணி’ என்றுதான் கேட்கும். பேசாத குழந்தையும் வீட்டில் காதால் கேட்டு வளர்ந்தது அந்தப் பேச்சுத் தமிழைத்தான். திரையில் ஒரு தமிழ், வீட்டில் ஒரு தமிழ் என்றால், அந்தக் குழந்தை ரெண்டு மொழி கற்க வேண்டியதாகிவிடுகிறது.

படங்களும் அப்படித்தான். பீட்சா, பர்கர், ஸ்நோமேன் எல்லாம் இருக்கும். பழைய சோறு இருக்காது. ரேஷன் கடை இருக்காது. அய்யாவோட டி.வி.எஸ் எக்ஸ்.எல் இருக்காது. தன் வாழ்க்கையே இல்லாத திரையை ஒரு குழந்தை எதுக்குத் தொடணும்?

இலக்கணத்திலும் வேலை இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லுக்கு நாலைந்து வடிவம். தமிழில் ‘போ’ என்ற ஒரே சொல் போனேன், போறேன், போனா, போகல, போகட்டும், போலாமா என்று நீண்டுகொண்டே போகும். ‘ஸ்கூல்’ போதாது. ஸ்கூலுக்கு, ஸ்கூல்ல, ஸ்கூல்லேர்ந்து எல்லாம் வேணும். ஆங்கிலத்துக்குச் செய்த பலகையில் வார்த்தைகளை மட்டும் மொழிபெயர்த்துப் போட்டால் இது வராது. தமிழ் படித்தவர்களும் பேச்சுப் பயிற்சி நிபுணர்களும் சாஃப்ட்வேர் ஆட்களும் ஒரே மேஜையில் உட்கார வேண்டிய வேலை இது. தமிழ்க் கணிமை பற்றி இத்தனை மாநாடு நடத்துகிற மாநிலத்தில், இந்த வேலைக்கும் ஒரு நாற்காலி போடலாமே!

அதுவரை என்ன செய்வது? இந்தச் செயலிகள் பலவற்றில் நம் வீட்டுப் படத்தை எடுத்துப் போடலாம், நம் குரலைப் பதிவு செய்யலாம். பக்கத்து வீட்டில் அதே வயதில் ஒரு பிள்ளை இருக்குமே, அதைப் பேசச் சொல்லிப் பதிவு பண்ணுங்கள். ஏழு வயசுக் குழந்தைக்கு ஏழு வயசுக் குரல்!

‘வேணாம்’ - ரொம்ப முக்கியமான பட்டன்

பல வீடுகளில் இந்தத் திரையில் முதலில் ஏற்றுவது சாப்பாட்டுப் படங்கள். தோசை, பால், பிஸ்கட். கேட்டால் கிடைக்கும் என்று குழந்தை புரிந்துகொள்ள அது நல்ல ஆரம்பம். அதோடு நின்றுவிட்டால் அது ஓட்டல் மெனு கார்டு.

வேணாம், போதும், இன்னும், வலிக்குது, பயமா இருக்கு, யாரு, எங்க, விடு. இந்த வார்த்தைகள்தான் ஒரு குழந்தையை மனுஷராக மற்றவர்களோடு பேச வைக்கின்றன. யோசித்துப் பாருங்கள். எங்கே வலிக்கிறது என்று சொல்ல முடியாத பிள்ளைக்கு மருத்துவர் எப்படி வைத்தியம் பார்ப்பார்? தப்பான எண்ணத்தோடு ஒருத்தர் தொட்டால், அதை வந்து சொல்ல வார்த்தை இல்லாத குழந்தை என்ன செய்யும்? பேச்சு வராத குழந்தைக்குக் குரல் கொடுப்பது படிப்புக்கு மட்டும் இல்லை. பாதுகாப்புக்கும்தான்.

இதிலிருந்து இன்னொரு விஷயமும் புரியும். ஸ்கூலுக்குப் பொதுவாக ஒரு டேப் கொடுத்து, நாலு மணிக்குப் பீரோவில் வைத்துப் பூட்டினால், அந்தக் குழந்தையின் வாயையும் சேர்த்துத்தான் பூட்டுகிறோம். பள்ளியின் லேப் கம்ப்யூட்டர் மாதிரி, தணிக்கைக்குக் காட்டும் பொருளாக இதைப் பார்க்கவே கூடாது. சாப்பிடும்போது, விளையாடும்போது, திருவிழாவுக்குப் போகும்போது எல்லாம் கூடவே இருக்கணும். கண்ணாடி மாதிரி, காது கேட்கும் கருவி மாதிரி. உடைந்து போகுமே என்றால், ஆமாம், சில நேரம் உடையும். கண்ணாடியும்தான் உடைகிறது. மாற்றிக் கொடுக்கிறோம் இல்லையா?

சைக்கிள் சொல்லும் பாடம்

சாதனத்தை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு உதாரணம். ‘ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்’ திட்டத்தில் அங்கே லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. கணக்கிலும் மொழியிலும் குறிப்பிடும்படியான முன்னேற்றம் எதுவும் இல்லை. நம் நாட்டிலும் 2011-ல் ‘ஆகாஷ்’ டேப் எவ்வளவு ஆரவாரமாக வந்தது! இன்று அதன் பெயர் உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

சாதனத்தோடு மனிதர்களும் சேர்ந்தால் என்ன ஆகும்? அதற்கு வெளிநாடு போக வேண்டாம். புதுக்கோட்டையே போதும்.

1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுப்பது என்று முடிவானது. வெறும் சைக்கிள் விநியோகம் இல்லை. கற்றுக்கொடுக்கத் தொண்டர்கள் இருந்தார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு நடந்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பொறுப்பு பிரித்துக் கொடுக்கப்பட்டது. 1992-ல் 70 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்கள் பொதுவெளியில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பதிவு செய்திருக்கிறார் பத்திரிகையாளர் பி.சாய்நாத். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். உங்கள் அம்மாவோ அப்பத்தாவோ புதுக்கோட்டைக்காரர் என்றால் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்.

இரும்புச் சைக்கிளை விடுதலையாக மாற்றியது பின்னாடி பிடித்துக்கொண்டு ஓடிய கைகள். டேப்புக்கும் அதே கைகள்தான் வேண்டும்.

அந்தக் கைகள் இப்போது யாருடையவை? வட்டார வள மையங்களில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநர்கள், இயன்முறை மருத்துவர்கள். கொடும்பாளூர் என்றால் விராலிமலை வட்டாரம். பள்ளிக்கு வரவே முடியாத குழந்தைகளின் வீடு தேடிப் போவதும் இந்தச் சிறப்புப் பயிற்றுநர்கள்தான். அவர்களே தொகுப்பூதியத்தில் வேலை பார்த்துக்கொண்டு பணி நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்கில் போராடுகிறார்கள். தொடக்கப் பள்ளி அளவில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குரிய பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் மூன்று வருஷத்துக்கும் மேல். ஏழு வயதுக் குழந்தைக்கு அது பாதி வாழ்க்கை.

நம்பிக்கை தரும் விஷயங்களும் உண்டு. பள்ளிகளில் குறைபாடுள்ள குழந்தைகளை ஆசிரியர்களே ஆரம்பத்தில் கண்டறிய ‘நலம் நாடி’ செயலி இருக்கிறது. உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு ‘உரிமைகள்’ திட்டத்தில், சேவைகளை வீட்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுவர ‘விழுதுகள்’ மையங்கள் வருகின்றன. கண்டறிவதற்கு ஒரு செயலி வந்துவிட்டது. கண்டறிந்த குழந்தை பேசுவதற்கும் ஒன்று வர வேண்டும் இல்லையா?

நீங்க என்ன செய்யலாம்?

உங்கள் தெருவில், சொந்தத்தில் இப்படி ஒரு குழந்தை இருந்தால்...

* முதலில் காது கேட்கும் திறன் பரிசோதனையும் மருத்துவ ஆலோசனையும் அவசியம். பேச்சு வராததற்குக் காரணம் தெரிந்தால்தான் எந்த வழி சரி என்று தெரியும்.

* உங்கள் ஊருக்கான வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். குழந்தை பள்ளியில் சேராமல் இருந்தாலும் பரவாயில்லை.

* டேப் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வேணும், வேணாம், வலிக்குது என்று 10 - 12 படங்களை ஓர் அட்டையில் ஒட்டி லேமினேட் செய்யுங்கள். சார்ஜ் தேவைப்படாத மாற்றுத் தொடர்பு முறை அது!

* வீட்டில் சும்மா கிடக்கும் பழைய டேப்பைப் பேசுவதற்கு என்று கொடுக்கப் போகிறீர்களா? அதில் யூடியூபும் கேமும் வேண்டாம். ஆண்ட்ராய்டில் ‘ஆப் பின்னிங்’, ஐபேடில் ‘கைடட் ஆக்சஸ்’ போட்டால் ஒரே செயலியில் திரை நிற்கும். வீடியோ பார்க்கும் திரை வேறு, பேசும் திரை வேறு. ‘ஸ்கிரீன் டைம்’ என்று திட்ட வேண்டியது முதலாவதை மட்டும்தான்.

* நீங்களும் அதில் பேசுங்கள். ‘சாப்பிட வா’ என்று வாயால் சொல்லும்போதே அந்தப் படத்தையும் தொடுங்கள். யாரும் பேசிக் காட்டாத மொழியை எந்தக் குழந்தையும் கற்காது.

* கேள்வி கேட்டால் காத்திருங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். விரல் சரியான படத்தைத் தேடிப் போக நேரம் ஆகும். அவசரப்பட்டு நீங்களே பதிலைச் சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. அந்தக் குழந்தை டேப்பில் முதன்முதலாக அழுத்துவது ‘அம்மா’வாக இருக்கும் என்றுதான் எல்லோரும் ஆசைப்படுவோம். ஒருவேளை நீங்கள் ஊட்ட வரும்போது ‘வேணாம்’ என்று அழுத்தினால் முகம் சுளிக்காதீர்கள். தட்டை ஓரமாக வைத்துவிடுங்கள். தான் சொன்னால் உலகம் கேட்கும் என்று அந்தப் பிள்ளைக்கு முதன்முறையாகத் தெரியப்போகிறது.